கெட்டித்தலும் சுடுதலும்: நரிக்குறவர் துப்பாக்கி குறித்த தமிழ்ப் பனுவல்கள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வாய்வழியாக மருந்து இட்டுச் சுடும் ஒற்றைக்குழல் துப்பாக்கி தமிழகத்தில் 'நாட்டுத் துப்பாக்கி' எனப்படுகிறது. நரிக்குறவரின் வேட்டைக் கருவியாகவும் உழவரின் பயிர்க்காவல் கருவியாகவும் இருந்த இதனைச் சிற்றிலக்கியம், இனவரைவு, திரைப்படம், சட்டம், நாளிதழ்ச் செய்தி ஆகியவை எவ்வாறு காட்டியுள்ளன, எவற்றைக் காட்டாமல் விட்டுள்ளன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இக்கருவியைக் கையாளும் உழைப்பைப் பனுவல்கள் காணத் தவறியதால், உரிமம் பெற்ற தொழிற்கருவியும் குற்றத்துக்கான ஆயுதமும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டன என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: நாட்டுத் துப்பாக்கி, நரிக்குறவர், கெட்டித்தல், படைக்கலச் சட்டம், வேட்டை, இடியன்.

முன்னுரை

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர், நெல்லும் நிலக்கடலையும் கரும்பும் விளையும் வட்டாரத்தின் தலைமையிடம். மேற்கே அண்ணாமலை, கிழக்கே செஞ்சிப் பாறைக்குன்றுகள். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் பாசிமணியும் ஊசியும் விற்கும் நரிக்குறவரை இப்பகுதியினர் நன்கு அறிவர். அவர்களின் முந்தைய தலைமுறையினர் தோளில் துப்பாக்கியுடன் வயல்வரப்புகளில் நடந்ததை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். பாசிமணி தமிழ்ப் பண்பாட்டு நினைவில் நிலைபெற்றது. துப்பாக்கியோ காவல் நிலையக் குறிப்பேட்டில் மட்டும் எஞ்சியது. ஒரே தோளில் தொங்கிய இரண்டு பொருள்களுக்கு இருவேறு விதி நேர்ந்தது ஏன் என்ற வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

கருவியும் அதன் காலமும்

பனுவல்களை மதிப்பிடுமுன் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். இதனை 'ரைபிள்' எனக் குறிப்பிடுவது பிழை. ரைபிளின் குழலுள் சுருள்வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவை குண்டைச் சுழலச் செய்து நெடுந்தொலைவுக்கு நேர்பட அனுப்பும். நாட்டுத் துப்பாக்கியின் குழல் வழவழப்பானது. அதிலிருந்து வெளிப்படும் ரவைகள் விரிந்து பரவும். முப்பது, நாற்பது கெஜத்துக்கு அப்பால் வலுவிழக்கும். ஆகவே இதனைக் கையாள்பவர் விலங்கை அண்மையில் சென்றடையும் திறன் உடையவராக இருத்தல் வேண்டும். காற்றின் திசை, காலடி ஓசை, பறவை அமரும் நேரம் ஆகியவற்றை அறியாதவருக்கு இத்துப்பாக்கியால் பயனில்லை.

இதில் மருந்து இடுவதைக் 'கெட்டித்தல்' என்பது பழைய வழக்கு. முதலில் குழல்வாயில் கருமருந்து அளந்து கொட்டப்படும். வெடியுப்பு எழுபத்தைந்து பங்கு, கரி பதினைந்து பங்கு, கந்தகம் பத்துப் பங்கு என்பது கருமருந்தின் பொதுவான சேர்மானம். அதன்மேல் நார் அல்லது துணிப்பந்து வைத்து நீண்ட கோலால் இடிக்கப்படும். பின் ரவை, அது சிந்தாதிருக்க மீண்டும் ஒரு பந்து, மீண்டும் இடித்தல். கடைசியாக அடிப்பகுதியில் உள்ள சிறு முலையின்மீது கேப்பைப் பொருத்திக் குதிரையை இழுத்து நிறுத்துவர். விசையை அழுத்தியதும் குதிரை கேப்பின்மீது விழும். தீப்பொறி உள்ளே பாய்ந்து மருந்தைப் பற்றவைக்கும். புகை எழுந்து சுடுபவரின் கண்ணையே மறைக்கும். மருந்து மிகுந்தால் குழல் பிளக்கும், ஈரம்பட்டால் பற்றாது, முன்பே கெட்டித்ததை மறந்து மறுமுறை கெட்டித்தால் உயிருக்கே கேடு. சுட்டபின் குழலில் படியும் கசடு ஈரத்தை ஈர்த்துத் துருவேற்றும் என்பதால் அன்றே வெந்நீரால் கழுவி எண்ணெய் இடவேண்டும்.

இவ்விவரங்களிலிருந்து பெறப்படுவது ஒன்று. இக்கருவியின் பயன்பாட்டில் சுடுதல் ஒரு கணம். மற்றவை யாவும் கெட்டித்தலும் காத்திருத்தலும் கழுவுதலுமே. ஒரு வேட்டுத் தவறினால் அடுத்த வேட்டுக்குள் பறவைக் கூட்டம் வயலைக் கடந்திருக்கும். எனவே இது ஒரு வேட்டின் கருவி, பொறுமையின் கருவி. இந்தக் கால அளவைத் தமிழ்ப் பனுவல்கள் எவ்வாறு கையாண்டன என்பதே அவற்றை மதிப்பிட நாம் கொள்ளும் அளவுகோல்.

குறவஞ்சி தந்த முன்மாதிரி

வேட்டையாடும் குறவனைத் தமிழ் வாசகர் மனத்தில் நிலைநிறுத்திய பனுவல்களுள் முதன்மையானது திரிகூடராசப்பக் கவிராயரின் பதினெட்டாம் நூற்றாண்டுக் குற்றாலக் குறவஞ்சி. அதில் சிங்கன் தன் துணைவன் நூவனோடு பறவை பிடிக்க வருகிறான். அவன் கருவி கண்ணி. பறவைகள் வந்து அமர்வதும், கண்ணி குத்துவதும், சிங்கியின் நினைவால் அவன் தடுமாறுவதும் நகைச்சுவையோடு விரிகின்றன. அந்நூற்றாண்டில் தென்தமிழகப் பாளையங்களில் துப்பாக்கி புதுமைப் பொருளாக இருக்கவில்லை. ஆயினும் புலவர் கண்ணியைத் தேர்ந்தார். கண்ணி வைத்தல் படிப்படியாக நிகழும் செயல். அதனால் காத்திருக்கும் மனத்தின் தவிப்பை உணர்த்த அது இடம் தந்தது. வேட்டைக் கருவியின் கால அளவைக் கவிதையின் கால அளவாக மாற்றிய சிறப்பு இந்நூலுக்கு உண்டு.

ஆனால் இச்சிறப்பே பிற்கால வாசிப்பில் ஒரு மயக்கத்துக்கும் இடமளித்தது. குறவஞ்சியின் குறவரும் நரிக்குறவரும் ஒருவர் அல்லர். நரிக்குறவரின் தாய்மொழியான வாக்ரிபோலி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சார்ந்தது. அவர்களின் வரலாறும் வழிபாடும் வேறு. பெயரில் உள்ள 'குறவர்' என்னும் சொல்லை மட்டும் கொண்டு இருவரையும் இணைத்தபோது, சிங்கனின் நகைச்சுவைச் சாயல் நரிக்குறவர்மீதும் படிந்தது. கண்ணிக்குரிய நுட்பமான விவரணை மட்டும் அவர்களின் துப்பாக்கிக்குக் கிட்டவில்லை.

இனவரைவின் பார்வை

காலனிய இனவரைவில் நரிக்குறவர் 'குருவிக்காரர்' என இடம்பெறுகின்றனர். எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய நூல், அவர்களைப் பறவை பிடிப்போராகவும் நரி வேட்டையாடுவோராகவும் விவரிக்கிறது. நரியின் குரலை ஒப்பச் செய்து அதை ஈர்க்கும் திறன் அந்நூலாரை வியப்பில் ஆழ்த்தியது. வியப்பு விவரணைக்கு வழிவகுத்தாலும், வேட்டையரைக் காட்சிப்பொருளாக நிறுத்துவதாகவும் அமைந்தது.

சுதந்திரத்துக்குப் பின் தமிழில் எழுந்த முயற்சிகளுள் கரசூர் பத்மபாரதியின் 'நரிக்குறவர் இனவரைவியல்' குறிப்பிடத்தக்கது. அச்சமூகத்தை அதன் உள்ளிருந்து அறிய முயன்ற தமிழ் நூல் என்ற வகையில் அதன் இடம் உறுதியானது. எனினும் இத்துறையின் பொதுவான அமைப்பைப் பற்றி ஒரு கருத்தைச் சொல்லியாக வேண்டும். தமிழ் இனவரைவுகள் பெரும்பாலும் பிறப்பு, பூப்பு, திருமணம், இறப்பு, வழிபாடு என்னும் சடங்கு வரிசையில் அமைகின்றன. தொழில் ஓர் இயலாகவும், கருவி அவ்வியலுக்குள் ஒரு பட்டியலாகவும் சுருங்குகின்றன. சடங்குக்கு நாம் தரும் படிமுறை விவரணையைத் தொழிற்செயலுக்குத் தருவதில்லை. தாலி கட்டுதலின் ஒவ்வொரு நிலையையும் பதியும் ஆய்வாளர், துப்பாக்கி கெட்டித்தலின் நிலைகளையும் அவற்றுக்கு வாக்ரிபோலியில் வழங்கும் சொற்களையும் பதிய மறந்தால், பதிவாகாமல் போவது அறிவுத்தொகுதி ஒன்று. அதனைக் கையால் அறிந்த தலைமுறை மறைந்து வருகிறது.

திரையில் வேடமும் வெளியில் சட்டமும்

வெகுமக்கள் மனத்தில் நரிக்குறவரைப் பதித்தது திரைப்படம். 1968இல் வெளியான, எம்.ஜி.ஆரின் நூறாவது படமான 'ஒளி விளக்கு', நாயகனையும் நாயகியையும் நரிக்குறவர் வேடத்தில் ஆடவிட்டது. அங்கே அச்சமூகம் உடையாகவும் பேச்சுத்தொனியாகவும் சுருங்கியது. 1972இல் கே. எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய 'குறத்தி மகன்' இதனினும் பொறுப்பான முயற்சி. நரிக்குறவச் சிறுவனின் கல்வியை மையப்படுத்திய அப்படம், அச்சமூகத்துக்கு எதிர்காலம் உண்டு எனப் பொதுமக்கள் முன் வாதிட்டது. ஆயினும் கல்வியை வலியுறுத்தும் கதை, முன்னோரின் தொழிலறிவைக் கடந்துபோக வேண்டிய பழமையாக மட்டும் காணும் இடர் உடையது. கல்வி வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதற்காக முன்னைய அறிவு அறிவே அன்று எனக் கொள்ளத் தேவையில்லை.

அதே 1972இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடக்கத்தில் அச்சட்டம் சிலவகை விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட இடமளித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வாயிலையும் அடைத்தது. திரையில் வேட்டையர் மகன் பள்ளிக்கு அழைக்கப்பட்ட ஆண்டிலேயே, வெளியில் தந்தையின் தொழில் சட்டத்தின் கட்டுக்குள் வந்தது. இவ்விரண்டையும் இணைத்து வாசித்த திறனாய்வு வேண்டும். கல்வியின் கதையைச் சொன்ன பண்பாடு, தொழிலை இழந்தவரின் கதையைச் சொல்லவில்லை.

சட்டத்தைப் பனுவலாக வாசித்தல்

நாட்டுத் துப்பாக்கியைப் பற்றி மிகத் துல்லியமாகப் பேசும் பனுவல் இலக்கியம் அன்று; சட்டமே. அதற்கு நீண்ட முன்வரலாறு உண்டு. பாளையக்காரர் போர் முடிந்த 1801 டிசம்பரில் ஆளுநர் எட்வர்டு கிளைவின் பிரகடனம் தென்பாளையங்களில் ஆயுதம் தாங்குவதைத் தடைசெய்தது. லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா முழுமைக்கும் உரிமமுறையை இறுக்கியது. அதனை நீக்கி வந்ததே 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம். 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் 13ஆம் பிரிவு நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. உரிமம் வழங்கப்பட வேண்டிய தேவைகளை அது பெயர் சுட்டிக் கூறுகிறது. குழல்நீளம் இருபது அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் துப்பாக்கிக்குத் தற்காப்பும் விளையாட்டும் காரணங்கள். வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு மெய்யான பயிர்க்காவல் காரணம். அது பயிர்க்காவலுக்குப் போதாது என அதிகாரி கருதினால் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கி தரலாம் எனவும் சேர்க்கிறது. துப்பாக்கிக் கழக உறுப்பினரின் குறிபார்ப்புப் பயிற்சிக்கும் இடமுண்டு. பிற நேர்வுகளில் விண்ணப்பிப்பவருக்குத் தக்க காரணம் உண்டென அதிகாரி நிறைவுறுதல் வேண்டும்.

தற்காப்பு, விளையாட்டு, பயிர்க்காவல், பயிற்சி என்னும் இவ்வரிசையில் ஒரு சொல் இல்லை. பிழைப்பு என்பதே அது. பொழுதுபோக்காக வேட்டையாடுவோரின் தேவை சட்டத்தில் பெயர் பெற்றது. பயிரைக் காக்க விரும்பும் நிலமுடையவரின் தேவை பெயர் பெற்றது. பசிக்காக வேட்டையாடும் நிலமற்றவரின் தேவையோ 'தக்க காரணம்' என்னும் பொதுச்சொல்லுக்குள், அதிகாரியின் விருப்புரிமைக்கு விடப்பட்டது. நரிக்குறவர் சிலர் உரிமம் பெற்றே துப்பாக்கி வைத்திருந்தனர் என்பது உண்மை. ஆயினும் அவர்தம் உரிமம் பெயர்சுட்டிய தேவையின்மீது நில்லாமல் இசைவின்மீது நின்றது. கீழ்பென்னாத்தூர் போன்ற வட்டாரத்தில் வைத்து நோக்கினால் இது விளங்கும். நிலக்கடலை வயலுக்கு உரிய உழவர் விண்ணப்பிக்கும்போது அவர் வயலே அவருக்குச் சான்று. அவ்வயலில் எலியும் பறவையும் பிடித்து, அதனால் விளைச்சலுக்கும் உதவிய நரிக்குறவருக்குச் சான்றாகக் காட்ட வயல் இல்லை.

இதே சட்டத்தின்கீழ்க் குடகர் பெற்ற இடம் ஒப்புநோக்கத்தக்கது. குடகு மக்களுக்கும் அங்குள்ள ஜம்மா நில உரிமையாளருக்கும் உரிமம் இன்றியே சிலவகைத் துப்பாக்கி வைத்திருக்கும் விலக்கு காலனியக் காலம் முதல் தொடர்கிறது. 2019இல் அது மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. கைல்போள்து விழாவில் குடகர் துப்பாக்கியை மலர்சூட்டி வழிபடுகின்றனர். அங்குத் துப்பாக்கி குடிப்பெருமை. இங்கு ஐயத்துக்குரிய பொருள். கருவியின் தன்மையைக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்க இயலாது. நிலமும் அரசோடு கொண்ட உறவுமே அதனை விளக்குகின்றன.

சட்டங்களுக்கிடையே முரணும் உண்டு. படைக்கலச் சட்டம் பயிர்க்காவலுக்குத் துப்பாக்கி தருகிறது; வனவிலங்குச் சட்டம் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை உழவர் உரிய அனுமதியின்றிச் சுடுவதை ஏற்பதில்லை. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுட வழிசெய்தபோதும், அப்பணியை வனத்துறையிடமே ஒப்படைத்தது. ஆக, உழவரின் உரிமம் பெற்ற துப்பாக்கியும் அச்சுறுத்தும் ஓசைக்கு மேல் பயன்தராத நிலையை அடைந்துள்ளது. காரணம் பெயரளவில் உண்டு, செயல் இல்லை.

செய்தித்தமிழும் ஒரு சொல்லின் சுமையும்

நாளிதழ்ச் செய்தியில் 'நாட்டுத் துப்பாக்கி' பெரும்பாலும் 'பறிமுதல்' என்னும் சொல்லோடு வருகிறது. ஜவ்வாது மலை, கல்வராயன் மலைப் பகுதிகளில் உரிமமற்ற துப்பாக்கிகள் செய்யப்படுவதும் பிடிபடுவதும் மெய்யே. அவற்றால் மனித உயிர்களும் வனவிலங்குகளும் அழிந்ததும் மெய்யே. இவற்றைச் செய்தியாக்குதல் இதழ்களின் கடமை. குறை அங்கில்லை. உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி, உரிமமின்றிச் செய்த துப்பாக்கி, குற்றவாளிகள் பயன்படுத்தும் கைத்துப்பாக்கி ஆகிய மூன்றையும் 'நாட்டு' என்னும் ஒரே அடைமொழி குறிப்பதே குறை. காவல் துறை ஏடுகளில் வழங்கும் 'எஸ்.பி.எம்.எல்.' என்னும் சுருக்கம்கூட இவ்வேறுபாட்டைக் காக்கிறது. நம் உரைநடை காக்கவில்லை. 'நாட்டு' என்பது நாட்டு மருந்து, நாட்டுக்கோழி என்னும் தொடர்களில் மதிப்பைத் தருகிறது. துப்பாக்கியோடு சேரும்போது மட்டும் குற்றத்தைத் தருகிறது.

ஈழத்தமிழ் இவ்விடத்தில் நமக்கு உதவும். அங்குத் துப்பாக்கி 'துவக்கு'. வாய்வழி இடித்து நிரப்புவது 'இடியன்'. விலங்கு வரும் தடத்தில் பொறியாகக் கட்டிவைப்பது 'கட்டுத்துவக்கு'. இடியன் என்னும் சொல்லில் கோலால் இடிக்கும் செயலும் வேட்டின் முழக்கமும் ஒருங்கே ஒலிக்கின்றன. 'நாட்டு' என்பது பொருளின் தகுதியைச் சொல்கிறது. 'இடியன்' அதன் இயக்கத்தைச் சொல்கிறது. கருவியோடு வாழ்ந்தவர் வைத்த பெயருக்கும் அதனை அயலிலிருந்து கண்டவர் வைத்த பெயருக்கும் உள்ள வேறுபாடு இது. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) முதலான வன்னி நாவல்களில் வேட்டை உழவோடு இணைந்த அன்றாடமாக இடம்பெற முடிந்தமைக்கு இத்தகைய சொல்வளமும் ஒரு காரணம் எனலாம். சொல் இருக்குமிடத்தில் விவரணை எளிதாகிறது.

மறுப்பும் விளக்கமும்

இவ்வாதம் வேட்டைக்கு மீண்டும் இசைவு கோருவது எனப் பொருள்கொள்ளல் ஆகாது. நரியும் காட்டுப்பூனையும் அருகிவரும் நிலத்தில் வேட்டைத் தடை தேவையானது. நரிக்கொம்பு என விற்கப்படும் போலிப் பொருள்களின் பின்னுள்ள மூடநம்பிக்கையையும் ஆதரிக்க இயலாது. நாட்டுத் துப்பாக்கியைப் புனிதப்பொருளாக்குவதும் அதனைக் குற்றப்பொருளாக மட்டும் காண்பதைப் போன்றே ஒருதலைச் சார்பு. தடையை ஏற்றுக்கொண்டே, தடைக்குமுன் இருந்த அறிவைப் பதியலாம்; தடையால் தொழிலிழந்தோருக்கு ஈடு என்ன தரப்பட்டது என வினவலாம். நரிக்குறவரும் குருவிக்காரரும் 2023 ஜனவரியில் தமிழகப் பழங்குடிகள் பட்டியலில் சட்டப்படி சேர்க்கப்பட்டனர். வேட்டை சட்டத்தின் கட்டுக்குள் வந்ததற்கும் இவ்வேற்புக்கும் இடையே அரை நூற்றாண்டு கழிந்துள்ளது. அந்த இடைவெளியைப் பற்றித் தமிழ்ப் புனைவும் திறனாய்வும் பேசியவை மிகக் குறைவு.

முடிவுரை

குறவஞ்சி வேட்டையின் காலத்தை அறிந்திருந்தது. ஆனால் அதன் வேட்டையர் வேறு, கருவி வேறு. இனவரைவு மக்களை அறிந்தது. கருவியைப் பட்டியலில் விட்டது. திரைப்படம் வேடத்தையோ எதிர்காலத்தையோ கண்டது. சட்டம் கருவியைத் துல்லியமாக அளந்தது, பிழைப்பைப் பெயரிடவில்லை. செய்தித்தமிழ் பறிமுதலான பொருளை மட்டும் கண்டது. சுடும் கணத்துக்கு முன்னும் பின்னும் உள்ள நெடிய உழைப்பு இவற்றுள் எதிலும் இடம்பெறவில்லை.

இதிலிருந்து ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணிகள் மூன்று. முதலாவது, துப்பாக்கியைக் கையாண்ட முதியோரிடமிருந்து அதன் உறுப்பு, செயல், பழுது ஆகியவற்றுக்குரிய வாக்ரிபோலி, தமிழ்ச் சொற்களைத் திரட்டுதல். திருவண்ணாமலை வட்டாரம் இப்பணிக்கு ஏற்ற களம். இரண்டாவது, 'நாட்டுத் துப்பாக்கி' என்னும் சொல்லைக் கட்டுரைகளில் ஆளும்போது எவ்வகையைக் குறிக்கிறோம் என வரையறுத்தல். மூன்றாவது, நரிக்குறவர் குறித்த படைப்புகளை மதிப்பிடும்போது இரக்கத்தின் அளவை மட்டும் நோக்காமல், அவர்தம் தொழிலறிவுக்குத் தரப்பட்ட இடத்தையும் அளவுகோலாகக் கொள்ளல். கிரிவலப் பாதையில் பாசிமணி கோத்துக்கொண்டிருக்கும் முதியவரிடம் மணியின் விலையைக் கேட்பவர் பலர். மருந்து அளந்த கையின் கணக்கை அவரிடம் கேட்டுப் பதிவதற்கு எஞ்சியுள்ள காலம் குறைவு.